கேட்டு வாங்காத மேலங்கி

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக் கதை தெரியாதவர் நம்மில் இல்லை. 1893 ஜூன் 7. முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த இந்திய வக்கீலைப் பெட்டியிலிருந்து தள்ளி இறக்குகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அது குளிர்காலம். காத்திருப்பு அறையில் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறார். அந்த இரவில்தான் காந்தி மகாத்மா ஆனார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள்.

அவருடைய சுயசரிதையான சத்திய சோதனையை இந்த மழைக்காலத்தில் மறுபடி எடுத்து மெதுவாக வாசித்துவருகிறேன். அந்தப் பக்கத்தில் என்னை நிறுத்தியது ஒரு மேலங்கி. அது அவருடைய பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ ரயில்வேக்காரர்கள் வசம். போய்க் கேட்டிருக்கலாம். கேட்கப் போய் இன்னொரு தடவை அவமானப்பட நேருமோ என்று கேட்காமலே இருந்துவிட்டார். குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் விளக்கில்லை. நள்ளிரவு வாக்கில் ஒரு பயணி உள்ளே வந்தார், பேச்சுக் கொடுக்க விரும்பியவர் போல. இவருக்குப் பேச மனமில்லை.

பொழுது விடிந்ததும் ரயில்வேயின் பொது மேலாளருக்கு நீளமாக ஒரு தந்தி அடித்தார்.

ஒரே இரவு, ஒரே மனிதர். தன் கோட்டைக் கேட்க வாய் வராதவர், ரயில்வேயின் தலைமைக்கே முறையீடு அனுப்புகிறார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதும்போது அந்த மேலங்கியைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டுப் போனார். என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

✽

பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது, என் பெயருக்கு நாலைந்து பெயர் முன்னாலேயே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "உள்ளேன் ஐயா" என்பதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பேன். முறை வந்ததும் குரல் தொண்டையில் நின்றுவிடும். "சத்தமாச் சொல்லு, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பார் வாத்தியார். வகுப்பு சிரிக்கும். மறுநாள் குரல் இன்னும் இறங்கும். டவுன் பஸ்ஸில் "இறங்கணும்" என்று கண்டக்டருக்குக் கேட்கும்படி சொல்ல முடியாமல், வேறு யாராவது இறங்குகிற நிறுத்தம் வரை போய் வெயிலில் திரும்பி நடந்து வந்ததுண்டு.

பெண் பிள்ளை பேசாமலிருந்தால் "அடக்கமான பொண்ணு" என்று ஊர் மெச்சும். பையன் என்றால் "வாய் செத்தவன்" என்று ஒதுக்கிவிடும். இரண்டு பேருக்குள்ளும் நடப்பது ஒன்றேதான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்த மாத்திரத்தில், சொல்ல வந்த விஷயம் மறைந்துபோகிறது. தன் முகம், தன் குரல், தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலை, இவைதான் கண் முன்னால் பூதாகரமாக நிற்கின்றன. கூச்சக்காரர்களை அகங்காரம் இல்லாதவர்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கூச்சம் வந்த நேரத்தில் உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாருமே இருப்பதில்லை.

ராஜ்கோட்டில் மோகன்தாஸ் பள்ளி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடியே போய்விடுவாராம். நடந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், கேலி செய்வார்கள் என்ற பயம். இருட்டென்றால் பயம், பேயென்றால் பயம், பாம்பென்றால் பயம். கல்யாணமான பிறகும் விளக்கில்லாமல் தூங்க முடியாது. பக்கத்தில் படுத்திருக்கும் கஸ்தூர்பாவுக்கு இந்தப் பயம் எதுவும் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். பயம் வரும்போது ராமநாமம் சொல் என்று கற்றுக்கொடுத்தவர் வீட்டுப் பணிப்பெண் ரம்பா.

✽

யாரோடும் பேசாத பிள்ளை உள்ளே சும்மா இருப்பதில்லை.

ஊருக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்தது. அப்பாவிடம் அனுமதி வாங்கி அரிச்சந்திரன் நாடகம் பார்த்தார். பிறகு அதைத் தனக்குத்தானே கணக்கில்லாத தடவை நடித்துப் பார்த்திருக்கிறார். அரிச்சந்திரன்போல எல்லோரும் ஏன் உண்மை பேசக் கூடாது என்று இரவும் பகலும் யோசனை. அதே காலத்தில் சிரவணனும் மனசுக்குள் குடியேறியிருந்தான். அப்பா வாங்கி வைத்திருந்த நாடகப் புத்தகம் ஒன்று, ஊர் ஊராகப் படம் காட்டி வருகிறவர்கள் காட்டிய ஒரு படம். கண் தெரியாத தாய் தந்தையரைக் காவடி கட்டித் தோளில் சுமந்து போகும் சிரவணன். அவன் சாவில் பெற்றோர் புலம்பும் பாட்டின் மெட்டை, அப்பா வாங்கித் தந்த கான்சர்டினாவில் வாசித்துப் பழகினார்.

பகல்கனவு காண்கிற பிள்ளைகளை நாம் அதட்டி எழுப்புகிறோம். "எங்கேடா இருக்கே?" என்று தலையில் தட்டுகிறோம். கேட்பவர் யாருமில்லாத இடத்தில் அந்தப் பிள்ளை தயக்கமில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அரிச்சந்திரனாக எத்தனையோ முறை சுடலையில் நின்ற ஒருவருக்கு, பின்னால் ஒருநாள் யாரோ "கீழே உட்கார்" என்று சொல்லும்போது "மாட்டேன்" என்ற சொல் வந்து சேர்ந்ததில் அந்தக் கனவுக்குப் பங்கில்லை என்று நான் நம்ப மாட்டேன்.

இந்த இடத்தில் ஏ. கே. செட்டியார் நினைவுக்கு வருகிறார். உலகம் சுற்றிய தமிழர் என்று பெயரெடுத்தவர். ஆனாலும் தன் பயணக் கட்டுரைகளில் தன்னைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு குறைவாகச் சொன்னவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். வயது 25. அன்று காந்தியின் பிறந்தநாள். அவரைப் பற்றி ஒரு முழுநீளச் செய்திப்படம் எடுத்தால் என்ன என்று கப்பலில் ஓர் எண்ணம். கையில் பணம் இல்லாத ஓர் இளைஞனுக்கு நடுக்கடலில் தோன்றிய இதைப் பகல்கனவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். உலகத்தின் பல மூலைகளில் யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940இல் படம் தமிழில் வெளியானது. அறிமுகமில்லாதவர்களின் கதவைத் தட்டித் தட்டி அவர் கேட்டதெல்லாம் இன்னொருவருடைய படத்தை. 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகத்தில் அந்த அலைச்சலை எழுதியிருக்கிறார்.

✽

பயணம் போனால் கூச்சம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. "நாலு ஊர் பார்த்தாத்தான் பையனுக்குத் தைரியம் வரும்." காந்தியின் முதல் கடல் பயணத்தைப் பார்த்தால் அது அப்படியில்லை என்று தெரிகிறது.

1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று பரிமாறுகிறவரிடம் கேட்கவும் துணிவில்லை. அதனால் சாப்பாட்டு மேசைக்கே போகாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த பழத்தையும் பலகாரத்தையும் அறைக்குள் வைத்துச் சாப்பிட்டார். மேல்தளத்தில் ஆள் குறைவாக இருக்கும்போது மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார். கூடவே வந்த மஜ்முதார் என்ற வக்கீல், எல்லோரோடும் பழகு, வக்கீலுக்கு நாக்கு நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பலனில்லை.

லண்டனில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் போனார், எதிலும் வாய் திறக்கவில்லை. ஆலின்சன் என்ற மருத்துவரைச் சங்கத்திலிருந்து நீக்க முயற்சி நடந்தது. நீக்கக் காரணமாகச் சொன்ன அவருடைய கருத்து காந்திக்கும் உடன்பாடில்லை. ஆனால் அதற்காக ஒருவரைச் சைவ உணவுச் சங்கத்திலிருந்து வெளியேற்றுவது நியாயமில்லை என்று பட்டது. எழுதிக்கொண்டு போனார். வாசிக்க முடியவில்லை. வேறொருவர் வாசித்தார். ஆலின்சன் தரப்பு தோற்றது. வென்ட்னரில் ஒரு கூட்டம்: ஒரே ஒரு தாளில் எழுதிய பேச்சு, எழுந்து நின்றதும் பார்வை மங்கிக் கை கால் நடுங்கிவிட்டது. மஜ்முதார்தான் வாசித்தார். ஊர் திரும்புமுன் 1891இல் ஹோல்பர்ன் உணவகத்தில் நண்பர்களுக்குத் தாமே கொடுத்த விருந்தில், நகைச்சுவையாகச் சொல்ல வேண்டும் என்று மெனக்கெட்டுத் தயாரித்த நாலு வரியில் முதல் வரிக்கு மேல் போகவில்லை. வந்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

✽

தங்கை மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஃபோனில் சொன்னாள்: "பெரியம்மா, செமினார் எடுக்கணும்னாலே வயித்தைப் பிசையுது. அப்பா என்னை ஏதோ பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கிளாஸ்ல சேர்க்கப் போறாராம். அங்க தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பேசச் சொல்வாங்களாம்."

லண்டனில் அந்த வகுப்புக்கும் காந்தி போயிருக்கிறார் என்று சொன்னேன். அவளால் நம்ப முடியவில்லை. ஆங்கிலக் கனவான் ஆகிவிட வேண்டும் என்று ஒரு மூன்று மாதம் பாடாய்ப் பட்டார். நடனத்துக்கு 3 பவுன் கட்டினார். தாளம் பிடிபடவில்லை. காது பழகட்டும் என்று 3 பவுனுக்கு ஒரு வயலின் வாங்கினார். மேடைப்பேச்சுக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியரிடம் ஒரு கினி கொடுத்தார். டை கட்டவும் வகிடு எடுக்கவும் கண்ணாடி முன்னால் தினம் பத்து நிமிஷம். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். இரண்டு மூன்று பாடத்துக்கு மேல் பேச்சு வகுப்புக்குப் போகவில்லை.

அந்த வகுப்புகளால் யாருக்குமே நன்மையில்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஏற்கெனவே தன்னைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல் திணறுகிற பிள்ளையைக் கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் என்ன பண்றது?" என்றாள். செமினாருக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன். கிணற்று நீர், அவள் ஊர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிப்போனது. யாருடைய கிணறு என்று கேட்டேன். அதன் பிறகு வெகுநேரம் அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

✽

காந்தி ஊர் திரும்பிய பிறகு, பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றம். மமிபாய் என்ற பெண்ணின் வழக்கு, சாதாரண வழக்கு, ஒரே நாளில் முடியக்கூடியது. கட்டணம் 30 ரூபாய். பிரதிவாதி தரப்பு வக்கீல் காந்தி. வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. நீதிமன்றமே சுற்றுவதுபோல் இருந்தது. கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். என்னால் முடியாது, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். படேல் என்பவரை 51 ரூபாய்க்கு அமர்த்தினார்கள். கட்சிக்காரர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வெளியே வந்துவிட்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் மமிபாயைத்தான் நினைக்கிறேன். யாரென்றே தெரியாத ஒரு பெண். அவளுடைய நியாயம் இவர் வாயில் இருந்தது. அன்றைக்கு இவருக்கு அவள் தெரியவில்லை.

✽

ராஜ்கோட்டுக்குத் திரும்பி மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். உள்ளூர் அதிகாரி ஒருவரின் சேவகன் தோளைப் பிடித்து வெளியே தள்ளிய அவமானம் வேறு உறுத்திக்கொண்டிருந்தது. அப்போது போர்பந்தரைச் சேர்ந்த வியாபாரக் கம்பெனி ஒன்று அண்ணனுக்குக் கடிதம் எழுதியது. தாதா அப்துல்லா கம்பெனி. தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய வழக்கு, அங்குள்ள வக்கீல்களுக்கு விவரம் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஆகாது. போக வர முதல் வகுப்புக் கட்டணம், செலவெல்லாம் போக 105 பவுன். பாரிஸ்டராக இல்லை, கம்பெனிச் சிப்பந்தியாகத்தான் போகிறோம் என்பது அவருக்குப் புரிந்தே இருந்தது. எப்படியாவது ஊரை விட்டுப் போனால் போதும். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

1893 ஏப்ரலில் கிளம்பினார். கப்பலில் முதல் வகுப்பில் இடமில்லை. கப்பல் அதிகாரியிடம் தாமே நேரில் போய் எப்படியாவது ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டார். அதிகாரியின் சொந்த அறையில் இருந்த உபரிப் படுக்கை கிடைத்தது. கப்டனுக்குச் சதுரங்கப் பைத்தியம், ஆனால் ஆட்டம் புதுசு. தன்னைவிட மோசமாக ஆடுகிற ஆள் வேண்டும். காந்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். லாமு, மொம்பாசா, ஜான்சிபார் என்று கப்பல் இறங்கிக்கொண்டே போனது. ஐந்து ஆண்டுக்கு முன் பலகாரப் பெட்டியோடு அறைக்குள் ஒளிந்திருந்தவர் இவர்தான்.

ஆனால் முழுக்க மாறிவிட்டார் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். டர்பனில் நீதிமன்றத்துக்குப் போனார். தலைப்பாகையைக் கழற்று என்றார் நீதிபதி. மறுத்துவிட்டு வெளியே வந்தார். அங்கே நின்று வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சபையில் வராத தைரியம் பேனாவில் முதலில் வந்துவிடுகிறது. கூச்சக்காரர்கள் அனேகம் பேர் எழுத்துக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

✽

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அடுத்த நாள்கள் எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிகின்றன. சார்ல்ஸ்டவுனிலிருந்து ஜோகனஸ்பர்க்குக்கு அப்போது ரயில் இல்லை, குதிரைகள் இழுக்கும் கோச்சு வண்டி. வண்டிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் இவரை உள்ளே விடாமல் வண்டியோட்டியின் பக்கத்தில் வெளியே உட்கார வைத்தார். அநியாயம் என்று தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்தார். பிற்பகலில் அந்த ஆளுக்குச் சுருட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓர் அழுக்குக் கோணியை வாங்கிக் கால் வைக்கும் படியில் விரித்து, நீ இதில் உட்கார் என்றார்.

இவர் நடுங்கிக்கொண்டேதான் பதில் சொன்னார். அப்படித்தான் எழுதியிருக்கிறார். என்னை இங்கே உட்கார வைத்ததே நீங்கள்தான், இப்போது உங்கள் காலடியில் உட்காரச் சொன்னால் மாட்டேன், உள்ளே என்றால் வருகிறேன். அவ்வளவுதான் பேச்சு. அடி விழுந்தது. கையைப் பிடித்து இழுத்தார் அந்த ஆள். வண்டியின் பித்தளைக் கம்பியைப் பற்றிக்கொண்டார். மணிக்கட்டு முறிந்தாலும் விடுவதில்லை என்று பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பயணிகள்தான் விட்டுவிடு, அவர் பேரில் தப்பில்லை என்று குரல் கொடுத்தார்கள்.

தைரியம் என்றவுடன் நமக்கு உரத்த குரலும் நிமிர்ந்த நெஞ்சும் நினைவுக்கு வருகின்றன. அதற்கு சினிமா ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே உரத்த குரல் இல்லை. உடம்பு நடுங்குகிறது, கை மட்டும் கம்பியை விடவில்லை. நடுக்கம் நின்ற பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் கோணியில்தான் உட்கார்ந்திருப்பார்.

✽

பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டிப் பேச ஏற்பாடாயிற்று. ஹாஜி முகம்மது ஹாஜி ஜூஸப் என்ற வியாபாரியின் வீடு. வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வியாபாரிகள், இந்துக்கள் சிலர். தம் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று இதைத்தான் காந்தி குறிப்பிடுகிறார். லண்டன் சங்கத்திலும் பம்பாய்க் கோர்ட்டிலும் வராத பேச்சு இங்கே வந்தது. வியாபாரத்தில் உண்மை என்பதுதான் தலைப்பு. வியாபாரத்தில் உண்மை செல்லாது என்று நம்பிய கூட்டத்தின் முன்னால் செல்லும் என்று பேசினார். பழைய அரிச்சந்திரன் வந்துவிட்டான்.

என்ன மாறிற்று? பேச்சு வகுப்பு எடுபடவில்லை, மூன்று ஆண்டு வெளிநாட்டு வாசம் எடுபடவில்லை. சில நாள்களுக்குள் ரயிலிலும் கோச்சிலும் ஓட்டலிலும் பட்டதில், இந்தக் கடைக்காரர்கள் தினம் தினம் படுவது என்ன என்று தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் எழுந்து நின்றபோது, பார்க்கிறார்களே என்ற நினைப்புக்கு மேல், இவர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. என் ஊகம்தான். ஆனால் அவர் அடுத்துச் செய்த காரியம் இதற்குச் சாட்சியாக நிற்கிறது.

கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் குறைவு என்பதைக் கவனித்தார். ஓய்வு நேரத்தில் கற்றுக்கொள்ளுங்கள், நானே வந்து சொல்லித்தருகிறேன் என்றார். மூன்று பேர் முன்வந்தார்கள். ஒருவர் முடி திருத்துகிறவர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் சிறு கடைக்காரர். முடி திருத்துகிறவருக்குத் தம்மிடம் வரும் வாடிக்கைக்காரர்களோடு பேசுகிற அளவுக்கு இங்கிலீஷ் இருந்தால் போதும். பாடம் அவரவர் இடத்தில். சில நாள் போனால் அவர்கள் தொழிலில் மும்முரமாக இருப்பார்கள். பொறுமையாக இருப்பார். ஏறக்குறைய எட்டு மாதம் இது நடந்தது. இரண்டு பேர் கணக்கெழுதவும் சாதாரண வியாபாரக் கடிதம் எழுதவும் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு பாரிஸ்டர், சலூன் ஓரத்தில் வேலை முடியக் காத்திருக்கிறார். லண்டன் போன கப்பலில் பரிமாறுகிறவரிடம் கேள்வி கேட்கவே அஞ்சியவர். எனக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைவிட இந்த நாற்காலி பெரிதாகத் தெரிகிறது. முடி திருத்துகிறவருக்கு இங்கிலீஷ் வர வேண்டும் என்பதில் கவனம் போய்விட்ட மனசுக்கு, தன்னைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

✽

1896இல் ஊர் வந்தபோது பம்பாயில் பெரிய பொதுக்கூட்டம். பெரோஸ்ஷா மேத்தா ஏற்பாடு. எழுதி வைத்துக்கொள் என்று அவர் சொன்னதன்படி எழுதி அச்சிட்டுக்கொண்டு போனார். வாசிக்கத் தொடங்கியதும் உடம்பு நடுங்கியது. இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று மேத்தா உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்லக் குரல் கீழே இறங்கியது. கடைசியில் தின்ஷா வாச்சா அதை வாங்கி வாசித்து முடித்தார்.

தென்னாப்பிரிக்காவில் மூன்று ஆண்டு போராடிய பிறகு, நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கிய பிறகு, இப்படி. இதை வாசித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. போன கூச்சம் ஒரேயடியாகப் போய்விட வேண்டியதில்லை. பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் அது திரும்பி வரும். வந்தால் வந்ததுதான். பின்னாளில் அவரே, தம் கூச்சத்தால் பெரிதாக ஒன்றும் நஷ்டமில்லை, சொற்களைச் சிக்கனமாகச் செலவிட அது கற்றுக்கொடுத்தது என்று எழுதினார். திங்கள்கிழமைகளில் மௌனம் அனுஷ்டித்தார்.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26, சென்னை பச்சையப்பன் மண்டபம். இங்கே அவரே பேசினார். அவருடைய அளவுக்கு அது நீளமான பேச்சு. கூட்டம் கடைசி வரை அமைதியாகக் கேட்டது. கூட்டம் முடிந்ததும் தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை பற்றிய அவருடைய துண்டுப் பிரசுரத்துக்கு அப்படி ஒரு தள்ளுமுள்ளு. பிறகு 10,000 பிரதி மறுபதிப்புப் போட வேண்டியிருந்தது. சென்னைக்கு அவ்வளவு உற்சாகம் வந்ததற்குக் காரணம் பாலசுந்தரம் என்று காந்தியே சொல்கிறார்.

✽

பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குப் போன தமிழர். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் கொண்டுபோய் இறக்கியதில் தொடங்கிய வரிசையில் வந்தவர். காந்தி டர்பனில் தொழில் தொடங்கி மூன்று நாலு மாதம்கூட ஆகியிருக்காது. கிழிந்த துணி, முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம், கையில் தலைப்பாகை, அழுதுகொண்டு எதிரே நின்றார். எஜமானன் அடித்திருக்கிறான். காந்தியிடம் தமிழ் குமாஸ்தா ஒருவர் இருந்தார், அவர் வழியாகத்தான் விவரம் தெரிந்தது. காந்தி அவரை டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிக்கொண்டு போனார். வேறொரு எஜமானரிடம் ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மமிபாய்க்காக வாய் திறக்க முடியாதவர் செய்த காரியம் இது.

தலைப்பாகை ஏன் கையில் இருந்தது? வெள்ளைக்காரர் முன்னால் போகும் கூலித் தொழிலாளி அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதையே காந்தி முன்னாலும் கடைப்பிடித்தார் பாலசுந்தரம். நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்ற மறுத்தவருக்கு இது எப்படிச் சுட்டிருக்கும்! கட்டிக்கொள்ளுங்கள் என்றார். தயங்கித்தான் கட்டினார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது என்கிறார் காந்தி.

என் குறிப்பேட்டில் இந்தப் பக்கத்தில் நாள் கணக்காக நின்றுகொண்டிருக்கிறேன். ஒப்பந்தக் கூலி, எஜமானனை விட்டு அனுமதியில்லாமல் போனால் அது குற்ற வழக்கு. சாதாரண வேலைக்காரன் மீது போடுவது உரிமையியல் வழக்கு, கூலி என்றால் சிறை. வாயில் ரத்தத்தோடு டர்பன் தெருக்களைக் கடந்து, பாஷை தெரியாத ஒரு வக்கீலின் வாசலில் போய் நிற்பது என்று பாலசுந்தரம் முடிவு செய்தபோது அந்தச் சட்டம் அவருக்கு எதிராக நின்றது. காந்தியாவது ஓராண்டுச் சம்பளம் பேசி, போக வரக் கட்டணம் வாங்கிக்கொண்டு வந்தவர். பாலசுந்தரமும் கடல் கடந்துதான் வந்தார். அவரும் நடுங்கிக்கொண்டுதான் நின்றார்.

காந்திக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பேசும்போது ரயில் நிலையத்தைச் சொல்கிறோம். என்னைக் கேட்டால் இந்தத் தமிழரின் பெயரையும் அதே மூச்சில் சொல்வேன். இந்த வழக்கு நேட்டாலில் கூலித் தொழிலாளர் ஒவ்வொருவர் காதுக்கும் எட்டியது. அதற்குப் பிறகு காந்தியின் அலுவலகத்துக்கு அவர்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். ஓராண்டுக்கென்று போனவர் 1914இல்தான் தென்னாப்பிரிக்காவை விட்டு ஒரேயடியாகக் கிளம்பினார்.